பன்னீர் திராட்சையும் ஒயினும்: நம் பள்ளத்தாக்கின் எழுதப்படாத அத்தியாயம்

"அண்ணே, நம்ம ஊர் வரலாறு ஏதாவது எழுதிக் கொடுங்க. பென்னிகுக் மட்டும் வேண்டாம். அவரைப் பற்றி ஏற்கனவே மூணு கட்டுரை வந்துருச்சு" என்றார் மலர்க் குழு நண்பர். நியாயமான கோரிக்கைதான். ஆனால் பென்னிகுக்கை ஒரு வரியாவது தொடாமல் இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி எழுத முடியாது. 1895 அக்டோபரில் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்திராவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் என்ற பேச்சே இருந்திருக்காது. அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நெல்லை விட்டுத் திராட்சைக்கு வருகிறேன்.

வெளியூர் நண்பர்களிடம் "கம்பம் பக்கம்" என்று சொன்னவுடன், "அங்கேதான் திராட்சை நிறைய ஆச்சே, ஒயின் எடுப்பாங்களா?" என்று கேட்பார்கள். நம்மில் பலரும் சிரித்து மழுப்பிவிடுவோம். நானும் பல வருஷம் அப்படித்தான் செய்தேன். வரலாறு படித்தவன் சிரித்து மழுப்பலாமா என்று பிறகு தோன்றியது. உலகத்தில் திராட்சை போன இடமெல்லாம் ஒயினும் கூடவே போயிருக்கிறது. நம் பள்ளத்தாக்கில் மட்டும் பழம் தங்கியது, ஒயின் தங்கவில்லை. ஏன்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான ஒரு முயற்சி. ஒயினுக்கு வக்காலத்து வாங்குவதற்கோ, மது அருந்தச் சொல்வதற்கோ எழுதியதல்ல என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

வைகையும் யவனர் மதுவும்

தமிழ்நாட்டுக்கு ஒயின் வெள்ளைக்காரன் கொண்டுவந்த புதுப் பண்டம் என்று நினைப்பவர்கள் புறநானூற்றின் 56-ஆம் பாடலைப் பார்க்க வேண்டும். இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்ற பாண்டியனை நக்கீரர் பாடியது. யவனர் கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள மதுவை அரசன் பருகுவது அதில் வருகிறது. அது வெறும் கவிஞர் கற்பனை இல்லை என்பதற்குத் தொல்லியல் சாட்சியும் உண்டு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது ரோமானியர் மது கொண்டுவந்த ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அழகன்குளத்திலும் அதே வகை ஓடுகள் கிடைத்தன. அழகன்குளம் எங்கே இருக்கிறது? வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில். வைகை புறப்படுவது எங்கே? நம்ம வருசநாட்டு மலையில். நம் முல்லையாறும் போய்ச் சேருவது அந்த வைகையில்தான். ஆற்றின் கடைசியில் ரோமானிய ஒயின் வந்து இறங்கியிருக்கிறது; ஆற்றின் தலைமாட்டில் இன்றைக்குத் திராட்சைப் பந்தல்.

இந்த இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. அன்று வந்தது ஜாடியில் அடைத்த மது. கொடி வந்தது பல நூற்றாண்டுகள் கழித்து. நம் மண்ணின் சொந்தக் குடி கள்தான். தென்னையும் பனையும் தந்தது. அதோடு சாராயம்.

1832: ஒரு பாதிரியார், ஒரு கொடி

பன்னீர் திராட்சையின் வரலாறு என்று எங்கே தேடினாலும் ஒரே வரிதான் கிடைக்கும்: 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோதும் எல்லாச் செய்தியிலும் இந்த வரி இருந்தது. தமிழ்நாட்டுத் திராட்சையில் சுமார் 85 சதவீதம் இந்தப் பள்ளத்தாக்கில்தான் விளைகிறது என்பதும் கூடவே வந்தது. தோட்டக்கலை அறிஞர்களும் 1832 வாக்கில் கிறிஸ்தவ மிஷனரிகள் வழியாகவே தென்னகத்துக்குக் கொடி வந்தது என்று எழுதியிருக்கிறார்கள்.

வரலாற்று மாணவன் ஒரு வரியைப் படித்தால் அதைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று நம் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தட்டிப் பார்ப்போம்.

முதலில், 1832-இல் இங்கே பிரெஞ்சுப் பாதிரியார் இருந்திருக்க முடியுமா? முடியும். 1773-இல் ஏசு சபை கலைக்கப்பட்டபின், புதுச்சேரியைத் தலைமையாகக் கொண்டு பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையினர் வேலை செய்துவந்தார்கள். பிரெஞ்சு ஏசு சபையினர் மதுரை மிஷனை மறுபடி தொடங்கியது 1838-இல். ஆக, காலம் ஒத்துப்போகிறது.

காரணமும் ஒத்துப்போகிறது. கத்தோலிக்கப் பூசைக்குத் திராட்சை ரசம் இல்லாமல் முடியாது. அதுவும் கலப்படமில்லாத, திராட்சைப் பழத்திலிருந்தே எடுத்த ஒயினாக இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரும் பீப்பாய் வழியில் புளித்துக் காடியாகிவிடலாம். உள்நாட்டுக்கு மாட்டு வண்டியில் வர மாதக் கணக்காகும். பங்குச் சாமியார் ஒருவர் கோயில் தோட்டத்தில் நாலு கொடி வைப்பது இயல்பான காரியம். உலகம் முழுக்க இப்படித்தான் நடந்தது. மெக்சிகோ, சிலி, கலிபோர்னியா என்று மிஷன் போன வழியெல்லாம் கொடியும் போயிற்று.

இடிப்பது ஒரே ஒரு இடம்தான். நாம் பன்னீர் திராட்சை என்று சொல்வது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். பெயரில் ஹாம்பர்க் இருந்தாலும் அது பிறந்தது இங்கிலாந்தில் என்பதுதான் பதிவு. சீவர்ட் ஸ்நோ என்ற தோட்டக்காரர், ஒரு பிரபுவின் கண்ணாடி வீட்டில், கருப்பு ஹாம்பர்க் என்ற ரகத்தோடு அலெக்சாந்திரியா மஸ்கட் என்ற வெள்ளை ரகத்தின் மகரந்தத்தைச் சேர்த்து உண்டாக்கியது இது. இந்த இரண்டும்தான் தாய் தகப்பன் என்பதை மரபணு ஆய்வும் பின்னால் உறுதி செய்திருக்கிறது. வருஷம்? 1850 வாக்கில்!

1850-இல் பிறந்த பிள்ளை 1832-இல் எப்படிக் கம்பத்துக்கு வந்திருக்கும்? கணக்கு உதைக்கிறது. ஆகவே 1832 என்பது திராட்சைக் கொடி பொதுவாக இந்தப் பக்கம் வந்த காலமாக இருக்கலாமே தவிர, இந்தப் பன்னீர் ரகம் வந்த காலமாக இருக்க முடியாது. முதலில் வேறொரு கொடி வந்து, இந்த ரகம் பின்னால் வந்திருக்க வேண்டும். இரண்டு கதைகள் ஒட்டி ஒன்றாகிவிட்டன. வாய்வழி வரலாற்றில் இது சகஜம். அதற்காகக் கதையைத் தூக்கிப் போட வேண்டாம், பிரித்து வைத்தால் போதும்.

பெயரில் உள்ள மணம்

இந்த ரகத்தை நாம் பன்னீர் என்கிறோம். சீனாவில் இதே ரகத்தை "மெய்குய் ஷியாங்" என்கிறார்கள். அதற்கு அர்த்தம் ரோஜா மணம்! கம்பத்து விவசாயியும் சீனத்து விவசாயியும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. இரண்டு பேரும் பழத்தை மோந்து பார்த்து ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். காரணம் பழத்திலேயே இருக்கிறது. மஸ்கட் வகைப் பழங்களில் ஜெரானியால், லினலூல் என்ற வாசனைப் பொருள்கள் உண்டு. ரோஜாத் தைலத்தில் இருப்பதும் அதே ஜெரானியால்தான்.

சீனத்தை இழுத்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1980-இல் தியான்ஜின் நகரத்தில் ரெமி மார்ட்டின் என்ற பிரெஞ்சு நிறுவனத்தோடு கூட்டு சேர்ந்து டைனஸ்டி என்ற ஒயின் ஆலை தொடங்கினார்கள். அவர்கள் வெள்ளை ஒயின் எடுத்தது இந்த மஸ்கட் ஹாம்பர்க்கில்தான். கலிபோர்னியாவில் குவாடி என்ற சிறு ஒயின் தயாரிப்பாளர், இதே பழத்தில் எலிசியம் என்ற இனிப்பு ஒயின் செய்து பெயர் வாங்கினார். ஆக, நம்ம பழத்தில் ஒயின் வராது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் பிரான்சையும் பாருங்கள். அங்கே வென்டூ மலையடிவாரத்தில் இதே ரகத்தைச் சாப்பிடும் பழமாகவே வளர்த்து, 1997-இல் அதற்குச் சட்டப்பூர்வ ஊர்ப் பெயர்ப் பாதுகாப்பும் வாங்கினார்கள். ஒயினுக்குப் பேர் போன நாட்டிலேயே இதைத் தட்டில் வைத்துச் சாப்பிடுகிறார்கள். அதனால் "ஒயின் பழத்தை வீணாகத் தின்று தீர்க்கிறோம்" என்ற பேச்சும் சரியில்லை. இது இரண்டுக்கும் ஏற்ற பழம்.

பந்தலுக்குக் கீழே

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி பக்கம் போனவர்களுக்குப் பந்தலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கல் தூண் நட்டு, மேலே கம்பி பின்னி, அதில் கொடியைப் படரவிடுவார்கள். குளிர் நாடுகளில் கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும். வருஷத்துக்கு ஒரு அறுப்பு. நாசிக்கிலும் ஒரே அறுப்புதான். நம்ம ஊர்க் கொடிக்குத் தூக்கமே கிடையாது. விவசாயி கவாத்து பண்ணுகிற நாளிலிருந்து எண்ணினால் சுமார் நாலு மாதத்தில் பழம். திட்டமிட்டு வெட்டினால் இரண்டு வருஷத்துக்கு ஐந்து அறுப்பு எடுக்கலாம். ஒரு தோட்டத்தில் பூ, அடுத்த தோட்டத்தில் காய், அதற்கடுத்ததில் பழம் என்று வருஷம் பூரா ஏதாவது ஒரு பந்தலில் கொத்து தொங்கும் அதிசயம் இங்கே உண்டு.

மருந்தடிக்கும்போது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பார்களே, அதற்குப் "போர்டோ" என்று பெயர். போர்டோ என்பது பிரான்சில் ஒயினுக்குப் பேர் போன ஊர். 1885-இல் மில்லார்டே என்ற பேராசிரியர் அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் அடிச்சாம்பல் நோய்க்கு மருந்தாக இந்தக் கலவையை வெளியிட்டார். ஒயின் வரவில்லை, ஒயின் ஊரின் பெயர் மட்டும் மருந்து டிரம்மில் ஏறி நம்ம தோட்டத்துக்குள் வந்துவிட்டது!

இப்போது ஒயினின் கணக்கைப் பார்ப்போம். பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று சாராயமாக மாற்றுவதுதான் ஒயின். நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து வருகின்றன. 22 முதல் 24 பாகை வரை இனிப்பு ஏறிய பழத்தில் எடுத்தால் சாராயம் 12, 13 சதவீதம் வரும். சந்தைக்கு என்று 15, 16 பாகையிலேயே பறித்த பழத்தில் எடுத்தால் 8, 9 சதவீதத்தில் நின்றுவிடும், சீக்கிரம் கெடும். ஒயின் பழத்துக்குக் கொடியில் கொத்தைக் குறைத்து, நாளைக் கூட்டி, இனிப்பு ஏறவிட வேண்டும். சந்தைப் பழத்துக்கோ எடை வேண்டும், கருப்பு நிறம் வேண்டும், வியாபாரி வந்த அன்றைக்கே வெட்ட வேண்டும். இரண்டும் இரண்டு விவசாயம்.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், "விலை விழுந்தால் மிச்சப் பழத்தை ஒயினுக்கு அனுப்பலாமே" என்று நாம் சுலபமாகப் பேசிவிடுகிறோம். மிச்சத்தில் நல்ல ஒயின் வராது. அதற்கென்றே விளைவிக்க வேண்டும், அதற்கென்று முன்கூட்டியே விலை பேசிய ஒருவர் வேண்டும்.

சட்டத்தின் கதை

அப்படி ஒருவர் ஏன் வரவில்லை? இங்கேதான் நம் மாநிலத்தின் தனி வரலாறு குறுக்கே வருகிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் கள்ளும் சாராயமும் சர்க்காருக்குப் பணம் காய்க்கும் மரம். 1886-இன் ஆப்காரிச் சட்டம் அதற்காகத்தான். பிறகு ராஜாஜி காலத்தில், 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. 1948-இல் மாகாணம் முழுவதும் வந்தது. பிற்பாடு அரசியல் சட்டத்தின் 47-ஆவது பிரிவும் மதுவிலக்கை அரசின் இலட்சியமாக வைத்தது. 1971-இல் நம் மாநிலத்தில் மதுவிலக்கு தளர்ந்தது, 1974-இல் திரும்ப வந்தது, 1981-இல் மறுபடி தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 1987-இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் கதவு சாத்தப்பட்டது. 2003-இல் சில்லறைக் கடையும் டாஸ்மாக் கைக்கே போயிற்று.

இந்தப் பட்டியலில் ஒயின் எங்கே? எங்கேயும் இல்லை! சட்டம் செய்தவர்கள் யாருக்கும் ஒயின் ஒரு பொருட்டாகவே இல்லை. கள், சாராயம், பிராந்தி இவற்றைப் பற்றித்தான் சண்டை. திராட்சை விவசாயி அந்தச் சண்டையில் ஒரு கட்சியே கிடையாது. கொடி காய்க்க மூன்று வருஷம், ஒயின் பக்குவப்பட மேலும் சில வருஷம். பத்து வருஷத்துக்கு ஒருதரம் சட்டம் மாறும் இடத்தில் யார் முதல் போடுவார்? விதிவிலக்கு ஒன்றே ஒன்று: பூசை ஒயின். மதுவிலக்குக் காலத்திலும் கோயில் பூசைக்கு அனுமதி இருந்தது. கொடி எந்தக் காரணத்துக்காக வந்ததாகச் சொல்கிறோமோ அந்தக் காரணத்துக்கு மட்டும் கதவு திறந்திருந்தது.

மற்ற மாநிலங்கள் வேறு வழியில் போயின. மகாராஷ்டிரம் 2001-இல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை வகுத்தது; நாசிக் சுலா இன்று எல்லாருக்கும் தெரிந்த பெயர். கர்நாடகம் 2007-இல் ஒயின் கொள்கை கொண்டுவந்து, பின்னர் ஒயின் வாரியமும் வைத்தது. அங்கெல்லாம் ஒயினை மதுக்கடை விஷயமாகப் பார்க்காமல் தோட்டக்கலை விஷயமாகவும் பார்த்தார்கள். நம் மாவட்டத்திலும் ஹில் ஜில் என்ற பெயரில் ஒரு ஒயின் ஆலை வந்தது. ஒயின் ஆலை வேண்டும் என்று நம் விவசாயிகளும் பலமுறை கேட்டிருக்கிறார்கள். ஆனாலும் நாசிக் மாதிரி ஊருக்கு ஊர் தயாரிப்பாளர், தோட்டத்துக்குத் தோட்டம் ஒப்பந்தம் என்ற நிலை இங்கே உண்டாகவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஒயின் போடும் வழக்கம் நம் கிறிஸ்தவ நண்பர்கள் பலருக்கும் தெரிந்ததுதான். பழத்தைப் பிசைந்து, சர்க்கரை, கிராம்பு, கொஞ்சம் கோதுமை சேர்த்து, பீங்கான் ஜாடியில் துணி கட்டி வைத்து, நாள் எண்ணிக் காத்திருப்பார்கள். பாட்டி கைப்பக்குவம் என்று சொல்லத்தக்க ஒயின் நம்மிடம் இருந்தது இது ஒன்றுதான். லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது நம் சட்டப்படி குற்றம் என்பதால் அதை எழுத்தில் வைப்பாரும் இல்லை. பேசத் தயங்குகிற விஷயத்துக்கு வரலாறு சேராது.

மறுபக்கம்

இவ்வளவு சொன்னபின் மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையில்லை. நம் வீடுகளில் "குடி" என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை அம்மாக்களின் கண்ணீர் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கும் மேல் உயிரைக் குடித்தது. "ஒயின் நாகரிகமான பானம், அது வேறே" என்று சொல்லி இந்தப் பெண்களிடமிருந்து தப்பிக்க முடியாது. அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: இன்னொரு கடை வந்தால் எங்க வீட்டுக்கு என்ன லாபம்?

விவசாயியின் கேள்வியும் ஒன்றுதான்: பறித்த பழம் இரண்டு நாளில் உதிர ஆரம்பிக்கும், விலை விழுந்தால் நான் எங்கே போவேன்? என் பார்வையில் இந்த இரண்டு கேள்விகளும் எதிரிகள் இல்லை. பழச்சாறு, காடி, ஜாம், குளிர்சாதனக் கிடங்கு என்று ஒயினுக்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றைச் செய்துவிட்டு, பூசை ஒயினும் ஏற்றுமதி ஒயினும் இங்கே எடுக்கலாமா என்று நிதானமாகப் பேசலாம். பேசுவதற்கு முன் நம் கையில் வரலாறு சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இன்றைய மாணவர்களுக்கு

தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். கட்டுரைப் போட்டிக்குக் காந்தியும் பென்னிகுக்கும் போதும். திட்டக் கட்டுரைக்கு இதை எடுங்கள்.

ஒன்று: நெல்சன் 1868-இல் எழுதிய மதுரை நாடு நூலையும், பிரான்சிஸ் 1906-இல் தொகுத்த மதுரை கெசட்டியரையும் எடுத்து, பயிர்ப் பகுதியில் திராட்சையைத் தேடுங்கள். ஆப்காரி பற்றிய பகுதியையும் விடாதீர்கள். இரண்டு: கிராம நிர்வாக அலுவலகத்து அடங்கலில் எந்தப் பசலியில் எந்தப் பயிர் என்ற பதிவு இருக்கும். எந்த ஊரில் எந்த வருஷம் "திராட்சை" என்ற சொல் முதலில் வருகிறது என்று பாருங்கள். மூன்று: பழைய பங்குகளின் நாட்குறிப்புகள். லத்தீனும் பிரெஞ்சும் படிக்கத் தெரிந்த சாமியார் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். நான்கு, இதுதான் அவசரம்: எண்பது தாண்டிய விவசாயிகள் இன்னும் இருக்கிறார்கள். "ஐயா, உங்க முதல் கொடிக்குக் குச்சி எங்கேயிருந்து வந்துச்சு?" என்று கேளுங்கள். குச்சி கொடுத்த ஊர், அந்த ஊருக்குக் கொடுத்த ஊர் என்று பின்னாலேயே போனால், 1832-க்கும் 1850-க்கும் நடுவில் விழுந்த முடிச்சின் ஒரு நுனி கிடைக்கலாம். ஆனைமலையன்பட்டித் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும் பக்கத்திலேயே இருக்கின்றன. பழைய தோட்டத்துக் கொடி உண்மையிலேயே மஸ்கட் ஹாம்பர்க்தானா என்பதை அங்கே கேட்கலாம்.

புவிசார் குறியீடு நம் பழத்துக்கு ஊர்ப் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டது. அதன் வரலாற்றை எழுதிக் கொடுக்க வேண்டியது நாம். அடுத்த மலருக்குள் உங்களில் ஒருவராவது முதல் அடங்கலின் வருஷத்தைக் கண்டுபிடித்து எழுதினால், அதைப் படிக்க நான் முதல் ஆளாக வந்து உட்காருவேன்.